நரம்பைச் சுடுதலும் நோவைத் தணித்தலும்

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சியை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த கீழ்பென்னாத்தூரும், அதைச் சூழ்ந்த கிராமங்களும், நெல்லையும், மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக் கொட்டையையும் பிரதானமாகக் கொண்டு ஜீவிப்பவை. நாற்றங்காலில் நாற்றுப் பறிப்பது, சேற்றில் நடுவது, மல்லாட்டைக் கொல்லையில் களைக்கொத்தோடு குந்தி நகர்ந்து களை வெட்டுவது, விளைந்த செடியைப் பிடுங்கிக் காய் ஆய்வது ஆகிய வேலைகள் யாவும் முதுகை வளைத்தே செய்யவேண்டியவை. அவற்றிற் பெரும்பாலானவற்றைச் செய்கிறவர்கள் பெண்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி காலையில் பாயை விட்டு எழும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே எழுவதை அந்தப் பக்கத்தில் யாரும் ஒரு வியாதியாகக் கருதுவதில்லை; ‘குறுக்கு பிடிச்சிக்கிச்சு’ என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போய்விடுவதே வழக்கம். ஆனால் இந்த உபாதை விவசாய பூமிக்கு மாத்திரம் உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டார்கள் என்றும், 2050-இல் அத்தொகை 84.3 கோடியை எட்டக்கூடும் என்றும் உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மனிதரைச் செயலற்றவர்களாக்கி முடக்குகிற காரணங்களுள் இதுவே முதலிடம் வகிக்கிறது.

இடுப்பு வலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிப்பதையே நாட்பட்ட வலி என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். மருந்துக்கும் தேகப்பயிற்சிக்கும் அடங்காத அத்தகைய வலிக்கு, வலியைச் சுமந்து செல்லும் நரம்பையே சுட்டுவிடுவது என்னும் சிகிச்சை இப்பொழுது நமது பெருநகர மருத்துவமனைகளில் நடந்து வருகிறது. நோவுக்கு நெருப்பை மருந்தாக்குவது இந்த நாட்டுக்குப் புதிய விஷயமன்று. சுஸ்ருத சம்ஹிதை அக்கினி கர்மத்துக்கென்று ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறது. வலித்த இடத்தில் சூடு போடுகிற வழக்கமும் கிராமங்களில் வெகுகாலம் இருந்து வந்தது. பழைய சூடு வலிக்கிற இடத்தின் மேல் தோலில் இடப்பட்டது. புதிய சூடோ, வலிக்கிற இடத்தையே தொடாமல், அங்கிருந்து செய்தி கொண்டு செல்கிற, ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள கிளை நரம்பின் மேல் இடப்படுகிறது. ஆகவே இச்சிகிச்சையின் ஜயாபஜயம் சுடுகிற கருவியின் திறத்தைப் பொறுத்ததைக் காட்டிலும், எந்த நரம்பைச் சுடவேண்டும் என்கிற அறிவைப் பொறுத்தே நிற்கிறது. அந்த அறிவு எளிதில் கைவந்ததன்று.

முதுகின் கட்டுமானம்

மனிதனின் முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆகியது. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டித் திரிகமாகிவிட்ட 5, வாலெலும்பாகக் குறுகிப்போன 4 என்பது அவற்றின் வரிசை. மேலிருந்து கீழே வர வர ஒவ்வொன்றும் பருத்துக்கொண்டே வருவதற்குக் காரணம், தலை, கைகள், மார்பு, வயிறு ஆகிய அனைத்தின் பாரமும், அவை ஏந்துகிற சுமையின் பாரமும் கீழே இறங்க இறங்கக் கூடுவதுதான். இடுப்பின் ஐந்தும் மிகப் பெரியவையாக இருப்பதும், அவற்றிலும் கீழிரண்டு இடங்களிலேயே தேய்வும் வலியும் அதிகமாகத் தோன்றுவதும் இதனால்தான். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் முன்புறம் உருண்டு திரண்ட ஓர் உடல் உண்டு. பின்புறம் ஒரு வளைவு உண்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள துவாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அமைந்த கால்வாயில் தண்டுவடம் இறங்கி வருகிறது. அத்தண்டுவடம் இடுப்பின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிட, அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்கி, எலும்புகளின் இடுக்கு வழியே இணை இணையாக வெளியேறுகின்றன. தண்டுவடத்திலிருந்து புறப்படும் நரம்புகள் மொத்தம் 31 இணைகள்.

அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளை மூன்று மூட்டுகள் இணைக்கின்றன என்பது, இடுப்பு வலியைப் பற்றி அறிய விரும்புகிற எவரும் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய செய்தி. முன்புறத்தில் உடலுக்கும் உடலுக்கும் இடையே கிடப்பது வட்டு. மக்கள் ‘ஜவ்வு’ என்றும் ‘டிஸ்க்’ என்றும் சொல்லுவது இதைத்தான். அதன் வெளிப்புறம் நார் வளையங்கள் பல அடுக்கியது. உட்புறம் நீர் நிறைந்த கூழ். வட்டின் மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்பால் ஆகிய முனைத்தட்டுகள் இருக்கின்றன. பின்புறத்தில், வலமும் இடமும், மேல் எலும்பின் முளையொன்று கீழ் எலும்பின் முளையொன்றோடு பொருந்துகிற சிறு மூட்டுகள் இரண்டு உண்டு. ஃபேசட் மூட்டுகள் என்று அவற்றுக்குப் பெயர். முழங்காலைப் போலவே இவற்றுக்கும் குருத்தெலும்பு உண்டு, உறை உண்டு, வழுவழுப்பான நீர் உண்டு. ஆகையால் முழங்காலைப் பற்றுகிற தேய்வும் வீக்கமும் இவற்றையும் பற்றும். உடல் திரும்பும்போது வரம்பு மீறாமல் தடுப்பதும், நிமிரும்போது பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவதும் இவற்றின் தொழில்.

குனிகிறபோது இக்கட்டுமானத்தின் உள்ளே என்ன நேர்கிறது என்பதை அளந்தறிந்தவர்கள் உண்டு. ஸ்வீடன் தேசத்து ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அவரைப் பின்பற்றி ஜெர்மனியின் உல்ம் நகரத்தைச் சேர்ந்த வில்கேயும் அவருடைய சகாக்களும், தொண்டர் ஒருவரின் இடுப்பு வட்டில் நுண்ணிய அளவுகருவியைப் பொருத்தி, அன்றாட அசைவுகளின்போது காணும் அழுத்தத்தைக் குறித்து 1999-இல் வெளியிட்டார்கள். மல்லாந்து படுத்திருக்கையில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாக இருந்த அழுத்தம், நிற்கும்போது 5 கிலோவாயிற்று. நின்றபடி குனிந்தபோது 11 கிலோவாயிற்று. முதுகை வளைத்து 20 கிலோ சுமையைத் தரையிலிருந்து தூக்கியபோது 23 கிலோவரை ஏறிற்று. அதே சுமையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 17 கிலோவோடு நின்றது. ஒரு மனிதரிடம் எடுத்த அளவுகள் ஆயினும், வரிசையாக நின்று நாள் முழுதும் குனிந்து நாற்று நடுகிறவர்களின் இடுப்பு எத்தகைய பாரத்தைத் தாங்குகிறது என்பதை உணர்த்த அவை போதும்.

வலியின் பிறப்பிடம்

இவ்வளவு உறுப்புகள் நெருங்கிக் கிடக்கும் ஸ்தானத்தில் வலி எதிலிருந்து எழுகிறது என்று துணிவது கடினம். 1933-இல் கோர்ம்லி என்னும் அமெரிக்க வைத்தியர், பின்புறத்துச் சிறு மூட்டுகளே இடுப்பு வலிக்கும் காரணமாகலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டே பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த மிக்ஸ்டரும் பாரும், வட்டின் கூழ் பிதுங்கி நரம்பு வேரை நெருக்குவதால் காலில் வலி இறங்குகிறது என்பதை அறுவைச் சிகிச்சையின் மூலம் நிரூபித்து வெளியிடவே, மூட்டைப் பற்றிய சிந்தனை பல்லாண்டுகள் பின்தள்ளப்பட்டு, வட்டே சகல குற்றங்களுக்கும் பொறுப்பாளி என்கிற எண்ணம் வைத்திய உலகில் வேரூன்றிவிட்டது. புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே பாதம்வரை மின்னல் பாய்வதுபோல் இறங்குகிற வலி நரம்பு வேர் நெருக்குண்டதன் அடையாளம் என்பது மெய்யே. ஆனால் காலுக்கு இறங்காமல், அல்லது தொடையோடு நின்று, இடுப்பிலேயே நாள்தோறும் குடியிருக்கிற வலிக்கு வேறு பிறப்பிடம் தேடவேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. படம் வந்த பிறகு இத்தேடல் சுலபமாகிவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இடுப்பு வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்வு காணப்பட்டதைக் கூறுகிறது. வட்டு புடைத்திருத்தல் 20 வயதில் 30 விழுக்காடும், 80 வயதில் 84 விழுக்காடும் இருந்தது. அதாவது, படத்தில் தெரிகிற மாறுதல்களிற் பல, நரைமயிரை ஒத்த வயதின் குறிகளேயாம். ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சி நடுங்குகிற அனேகருக்கு இவ்வொரு செய்தியே பாதி மருந்தாகும்.

இந்த ஆராய்ச்சியில் நமது மாநிலத்துக்குரிய பங்கும் சிறியதன்று. கோயமுத்தூர் கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும், இரத்தக் குழாய்களே இல்லாத வட்டுக்கு ஆகாரம் எவ்வழியாகப் போய்ச் சேருகிறது என்பதை, சாயப்பொருளைச் செலுத்திப் பல மணி நேரம் தொடர்ந்து படமெடுத்து ஆராய்ந்தார்கள். முனைத்தட்டின் வழியாக ஊறிச் செல்வதே அந்த ஆகாரத்தின் மார்க்கம் என்பதையும், தட்டு பழுதுபட்டால் வட்டின் போஷணையும் கெடுகிறது என்பதையும் காட்டிய அவ்வாராய்ச்சிக்கு, இடுப்பு முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேச சங்கத்தின் பரிசு 2004-இல் கிடைத்தது. அதே பரிசை 2013-இல் மீண்டும் பெற்ற மற்றோர் ஆய்வில், வட்டுப் பிதுக்கத்துக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 181 பேரைப் பரிசோதித்தபோது, நார்வளையம் கிழிந்து கூழ் வெளியேறுவதே வழக்கம் என்று நெடுங்காலமாகக் கூறிவந்ததற்கு மாறாக, 117 பேரிடம் முனைத்தட்டு எலும்போடு சேருமிடத்தில் பிய்ந்திருந்ததைக் கண்டார்கள். பழுதின் மூலஸ்தானம் தட்டும் எலும்பும் கூடுமிடத்தில் இருக்கக்கூடும் என்கிற இக்கருத்து, எலும்புக்குள்ளேயே நரம்பைச் சுடுகிற புதிய சிகிச்சையொன்றின் அடிப்படையை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

தப்பிய நரம்பு

இடுப்பு முதுகெலும்பின் ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் வெளிவருகிற நரம்பு உடனே இரண்டாகப் பிரிகிறது. முன்னே செல்லும் பெருங்கிளை காலுக்கு உணர்ச்சியும் பலமும் தருகிறது. பின்னே திரும்பும் சிறுகிளையிலிருந்து பிரிகிற உட்கிளை நரம்பு, கீழ் முள்ளெலும்பின் பக்க முளையும் மேல்நோக்கிய மூட்டு முளையும் சந்திக்கிற பள்ளத்தின் வழியே வளைந்து போய், ஃபேசட் மூட்டுகளுக்கும் முதுகின் ஆழத்திலுள்ள மல்டிஃபிடஸ் தசைக்கும் நூலிழைகளை அனுப்புகிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் இத்தகைய உட்கிளைகள் இரண்டு உணர்ச்சி வழங்குகின்றன; நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலுள்ள மூட்டுக்கு மூன்றாம் நரம்பின் உட்கிளையும் நான்காம் நரம்பின் உட்கிளையும் பொறுப்பு. ஒன்றைச் சுட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், மூட்டின் வலி எஞ்சிய வழியே மூளையை எட்டிவிடும். கால்களின் பலத்துக்கும் உணர்ச்சிக்கும் இந்த உட்கிளைக்கும் சம்பந்தமில்லை. ஆதலால் அதைச் சுட்டால் கால் செயலற்றுப்போய்விடும் என்கிற பயம் வேண்டியதில்லை. அதே காரணத்தால், காலுக்கு இறங்குகிற நரம்பு வேர் வலிக்கு இச்சிகிச்சையால் பயனும் இல்லை.

இவ்வளவு தெளிவாக இன்று கூறமுடிகிற இச்செய்தி, சிகிச்சை தொடங்கிய காலத்தில் தெளிவாக இருக்கவில்லை. 1971-இல் ஆஸ்திரேலியாவின் ரீஸ் என்னும் வைத்தியர், தோலின் வழியே மெல்லிய கத்தியைச் செலுத்தி மூட்டு நரம்புகளை அறுத்துவிடுவதாகவும், ஏறக்குறைய எல்லோருக்கும் குணம் கண்டதாகவும் அறிவித்தார். அமெரிக்காவின் ஷீலி, கத்தியால் இரத்தப் பெருக்கு ஏற்படுவதைக் கண்டு, அதற்குப் பதிலாக ரேடியோ அலைவரிசை மின்சாரத்தின் சூட்டை 1970-களின் நடுவில் பிரயோகித்தார். இருவருடைய கீர்த்தியும் பரவிக்கொண்டிருந்த சமயத்தில், ஆஸ்திரேலிய உடற்கூற்று நிபுணர் நிக்கொலாய் போக்டக், இறந்த உடல்களை அறுத்து ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்: சொல்லப்பட்ட இடத்தில் சொல்லப்பட்ட நரம்பு இருக்கிறதா? ரீஸின் கத்தி அந்த நரம்பை எட்டுவதே இல்லை என்பதும், ஷீலி குறித்த ஸ்தானங்களில் நரம்பே கிடையாது என்பதும் 1977-க்கும் 1980-க்கும் இடையே அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரைகளால் அம்பலமாயின. சரியான ஸ்தானம் எது என்பதையும் அவர்களே வரைந்து காட்டினார்கள். நரம்பைத் தொடாமலே பலருக்கு நோய் தணிந்ததென்றால், நோயாளியின் நம்பிக்கை, காலத்தின் போக்கு, வைத்தியரின் கவனிப்பு ஆகியவை எவ்வளவு வலிமையுள்ளவை என்பது விளங்கும்; அத்தகைய குணத்தைச் சிகிச்சையின் குணமாக எண்ணி மயங்கக்கூடாது என்கிற பாடமும் விளங்கும்.

சுடுகிற முறை

ஆகையால் இப்பொழுது சுடுவதற்கு முன்பு ஒத்திகை ஒன்று நடத்தப்படுகிறது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே, சந்தேகிக்கப்பட்ட உட்கிளைகளின் மேல் அரை மில்லிலிட்டர் அளவு மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். மருந்து வேலை செய்கிற சில மணி நேரத்தில் வழக்கமாக வலிக்கிற காரியங்களைச் செய்து பார்க்கும்படி நோயாளியிடம் சொல்லி, வலி பெரும்பாலும் மறைந்தால்தான் அந்த மூட்டு குற்றவாளி என்று முடிவு செய்கிறார்கள். ஒருமுறை செய்த பரிசோதனையை மட்டும் நம்புவதற்கில்லை. இடுப்பு மூட்டுகளில் அவ்வாறு தேறியவர்களில் 38 விழுக்காட்டினர் மறுமுறை தேறவில்லை என்று 1994-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதனால் கண்டிப்புள்ள வைத்தியர்கள் வேறொரு நாளில், வேறு மருந்தைக் கொண்டு, இரண்டாம் முறையும் சோதிப்பார்கள்.

சிகிச்சை தினத்தில் நோயாளி குப்புறப் படுத்திருப்பார். முழு மயக்கம் தேவையில்லை. முனை தவிர மற்றப் பாகம் காப்பிடப்பட்ட ஊசியொன்று, எக்ஸ்ரே படத்தின் துணையால் நரம்பு கிடக்கும் பள்ளத்துக்குச் செலுத்தப்படுகிறது. முதலில் நொடிக்கு 2 துடிப்பு வீதம் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். முதுகுத் தசை துடித்தால் நல்லது. கால் துடித்தால் ஊசி பெருநரம்பின் அருகே இருக்கிறதென்று பொருள், உடனே இடம் மாற்றவேண்டும். பிறகு மரப்பு மருந்து செலுத்தி, நொடிக்கு ஏறக்குறைய 5 லட்சம் சுற்று வீதம் திசை மாறுகிற மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். அவ்வளவு விரைவாக மாறுகிற மின்னோட்டம் தசையையும் நரம்பையும் துடிக்கச் செய்வதில்லை என்பதை டார்சொன்வால் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1891-லேயே கண்டறிந்திருந்தார். ஊசி தானாகக் காய்வதில்லை. அதைச் சூழ்ந்த திசுக்களிலுள்ள அயனிகள் அங்குமிங்கும் அலைபாய்ந்து உராய்வதால் திசுவே சூடேறுகிறது. 80 அல்லது 85 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 60 முதல் 90 விநாடிகள் நிறுத்தினால், அவ்விடத்து நரம்பிழையின் புரதம் உறைந்து, செய்தி கடத்தும் சக்தியை இழக்கிறது.

இங்கேயும் உடற்கூற்றறிவே உதவிக்கு வந்தது. சூடு ஊசியின் நுனிக்கு முன்னால் அதிகம் பரவாமல், அதன் பக்கங்களிலேயே பரவுகிறது என்று போக்டக் 1980-களில் சோதித்துக் காட்டினார். ஊசியை நரம்புக்குக் குறுக்கே குத்திட்டு நிறுத்துகிறவர்கள் ஒரு புள்ளியை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நரம்பை ஒட்டி, அதன் போக்கிலேயே கிடத்துகிறவர்கள் சில மில்லிமீட்டர் நீளத்தைச் சுடுகிறார்கள். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சிகிச்சை, பலனோ வெவ்வேறு.

சிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் அவ்விடத்தில் நோவு கூடுவதும், சிலருக்குத் தோலில் மரத்துப்போதல் அல்லது எரிச்சல் தோன்றுவதும் உண்டு. அவை பெரும்பாலும் தணிந்துவிடும். இரத்தத்தை மெலிய வைக்கும் மருந்து உண்பவர்களும், இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லியாகவேண்டும். கிடைக்கிற நிவாரணம் நிரந்தரமானதன்று. கொல்லையில் கோரையை மேலே அறுத்துவிட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறவரை அது மறுபடியும் தளிர்ப்பதைப் போல, நரம்பிழை சுடப்பட்டாலும் அதன் உயிரணு தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சில் பத்திரமாக இருப்பதனால், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சென்றபின் இழை வளர்ந்து பழைய இடத்தை அடைகிறது. அப்பொழுது வலி திரும்பினால் சிகிச்சையைத் திரும்பச் செய்யலாம்.

எலும்பின் உள்ளே

மூட்டை விட்டு, முனைத்தட்டிலிருந்து எழுகிற வலிக்கென்று அமைந்த மற்றொரு முறை அண்மையில் தோன்றியிருக்கிறது. முள்ளெலும்பின் உடலுக்குள்ளே, பின்புறத்து நடுத்துவாரத்தின் வழியாக இரத்தக் குழாய்களோடு நுழைகிற பேசிவெர்டிப்ரல் நரம்பு, எலும்பின் மையத்திலிருந்து மேலும் கீழும் முனைத்தட்டுகளுக்குக் கிளை விரிக்கிறது. தட்டு பழுதாகி அதன் அடுத்த எலும்பில் வீக்கமோ கொழுப்பு மாறுதலோ ஏற்படுவதை, 1988-இல் அவற்றை வகைப்படுத்திய மோடிக் என்பவரின் பெயரால் மோடிக் மாறுதல்கள் என்று அழைக்கிறார்கள். அந்த மாறுதல்களோடு நாட்பட்ட இடுப்பு வலியுள்ளவர்களுக்கு, எலும்பைத் துளைத்து உள்ளே சென்று, 85 டிகிரி உஷ்ணத்தில் 15 நிமிஷம் அந்த நரம்பைச் சுடுகிற கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் அனுமதி அளித்தது. 225 பேரைக் கொண்டு செய்து 2018-இல் வெளியான ஆய்வில், 100 புள்ளி கொண்ட இயலாமை அளவையில், மூன்று மாதத்தில் சுடப்பட்டவர்களுக்கு 20.5 புள்ளிகளும், சுடுவதாகப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கு 15.2 புள்ளிகளும் முன்னேற்றம் காணப்பட்டது. பாவனையாலேயே அவ்வளவு முன்னேற்றம் என்பதும், ஆய்வுக்குப் பணம் தந்தது கருவியைத் தயாரித்த நிறுவனமே என்பதும் வாசகர் மனத்தில் நிறுத்தவேண்டிய செய்திகள்.

வைத்தியர்களின் விவாதம்

மூட்டு நரம்பைச் சுடுவதைப் பற்றியும் வைத்தியர்கள் ஒருமித்த அபிப்பிராயம் கொண்டிருக்கவில்லை. மிகக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்த 15 பேருக்கு, நரம்பை ஒட்டி ஊசியைக் கிடத்திச் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கழித்தும் 60 விழுக்காட்டினருக்கு வலியில் பத்தில் ஒன்பது பங்கு நீங்கியிருந்தது. ஆனால் நெதர்லாந்தின் பதினாறு வலி மருத்துவ நிலையங்களில் 251 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தேகப்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும், பயிற்சியோடு நரம்பையும் சுட்டுக்கொண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஒருமுறை மரப்புப் பரிசோதனையோடு நின்றதும், சுடும் முறையில் தளர்வு இருந்ததும் அதன் குறைகள் என்று எதிர்த்தரப்பார் வாதிட்டார்கள். இங்கிலாந்தில் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கிற நைஸ் நிறுவனம் 2016-இல், மற்றச் சிகிச்சைகள் பலிக்காமல், மரப்புப் பரிசோதனையில் தேறிய, வலி பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டியோ, நாட்பட்ட முதுகு வலிக்கு மூட்டு நரம்பைச் சுடுவதும் அடங்கலாகப் பல ஊசிச் சிகிச்சைகளையும் வேண்டாம் என்றே திட்டமாகக் கூறிவிட்டது.

முரண்பட்ட இத்தீர்ப்புகளைக் கேட்டுச் சாமானியர் மனம் கலங்க வேண்டியதில்லை. பொறுக்கி எடுத்த சிலருக்கு நன்மை தருகிற சிகிச்சை, பொறுக்காமல் எல்லோருக்கும் செய்யப்படும்போது சராசரியில் கரைந்துபோவது வைத்திய சாஸ்திரத்தில் புதிதன்று. அதே சமயம், பொறுக்கி எடுத்ததாகச் சொல்லப்படுகிறவர்களின் குணத்தில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பது அளந்து பிரிக்கப்படும் வரை, அச்சிகிச்சையை வானளாவப் புகழ்வதற்கும் நியாயமில்லை. ரீஸின் கத்தி நமக்குக் கற்பித்தது அதைத்தான்.

செய்யவேண்டியன

நரம்பைச் சுடுவதைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே கவனிக்கவேண்டிய அபாயக் குறிகள் சில உண்டு. மூத்திரமோ மலமோ கட்டுப்பாட்டை இழத்தல், மர்ம ஸ்தானத்தைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் திடீரென்று பலம் குறைதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் ஓயாத வலி ஆகியவை கூடினால், முதுகெலும்பைப் பற்றும் காசநோயைச் சந்தேகிக்கவேண்டும். நமது தேசத்தில் அது அரிதன்று. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சிகளும் உலகின் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளும், அந்நோயிற் பெரும்பகுதியை மாத்திரைகளாலேயே குணப்படுத்த முடியும் என்று நிலைநாட்டியிருக்கின்றன. மாத்திரையால் தீரவேண்டிய நோய்க்கு நரம்பைச் சுட்டு வலியை மறைப்பது பெருந்தீங்கு.

அபாயக் குறிகள் இல்லாத மற்றவர்களுக்கு, படுத்தே கிடக்காமல் இயன்றவரை நடமாடுவதும், வயிறு, முதுகு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியும், பாரத்தை உடலோடு அணைத்து முழங்காலை மடக்கித் தூக்குவதும், நீண்ட பிடியுள்ள களைக்கருவிகளைக் கையாள்வதும் முதற்சிகிச்சை. சுடுவது அவற்றின் பின்னே, சிலருக்கு மட்டும், வரவேண்டியது. சுட்ட பிறகு கிடைக்கிற சில மாத அமைதியைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதவர், நரம்பு மறுபடி வளர்ந்ததும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேருவார். மறுவாழ்வுப் பயிற்சி என்பது வைத்தியத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதன்று, அதன் நடுநாடியே என்பதை, கீழ்பென்னாத்தூருக்கு வடக்கே உள்ள வேலூரில் ஒரு பெண்மணி வாழ்ந்தே காட்டினார். 1954-இல் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சைகள் செய்து, நியூயார்க் சென்று பயின்று திரும்பி, 1963-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் அமைந்தது. நகரத்துக்குப் போக வழியற்றவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருவதாக அமைந்திருக்கிறது. கேட்டுப் பெறுவது நமது உரிமை.

நரம்பைச் சுடலாம் என்று ஆலோசனை கிடைத்தவர், கையொப்பம் இடுவதற்கு முன்பு வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். என் வலி மூட்டிலிருந்து எழுகிறதென்று எந்தப் பரிசோதனை சொல்லிற்று, அது எத்தனை தடவை செய்யப்பட்டது? சுடப்போகிற நரம்புகள் எவை, அவை அந்த மூட்டுக்குரியவை அனைத்தும் தானா? வலி அடங்கியிருக்கும் மாதங்களில் நான் என்ன பயிற்சி செய்யவேண்டும், அதைக் கற்றுத் தருகிறவர் யார்? மூன்றுக்கும் தெளிவான விடை கூறுகிற வைத்தியரிடம் தைரியமாக முதுகைக் காட்டலாம். முதற்கேள்விக்கே எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் எடுத்து நீட்டுகிறவரிடமிருந்து விடைபெற்றுக்கொண்டு, வேறொருவரின் அபிப்பிராயத்தையும் கேட்டறிவதே விவேகம்.